கெண்டையின் வாயைப் படித்தவர்கள்

தூண்டில் போடுவது பொழுதுபோக்கு என்பது நம் ஊர்க் கணக்கு. இங்கிலாந்திலும் இத்தாலியிலும் பெல்ஜியத்திலும் அது விசில் ஊதித் தொடங்கி விசில் ஊதி முடிக்கும் விளையாட்டு. விடிந்ததும் போட்டியாளர்கள் குளத்தங்கரையில் கூடிச் சீட்டெடுப்பார்கள். சீட்டில் வரும் இலக்கம்தான் அன்றைக்கு அவரவர் இடம். கரையில் அடித்திருக்கும் முளைக்குப் பக்கத்தில் பெட்டியைப் போட்டு உட்கார்ந்தால் கடைசிவரை அங்கிருந்து நகரக் கூடாது. நாலைந்து மணி நேரம் போட்டி. பிடித்த மீனெல்லாம் தண்ணீருக்குள்ளேயே அமிழ்ந்து கிடக்கும் நீண்ட வலைக்கூடைக்குள் போகும். கடைசி விசிலுக்குப் பிறகு தராசு வரும். மொத்த நிறை யாருக்கு அதிகமோ அவருக்கே வெற்றி. நிறுத்த கையோடு மீன்கள் மறுபடியும் குளத்துக்கே போய்விடும். நன்னீர்த் தூண்டிலுக்கு 1957 முதல் உலக சாம்பியன் போட்டியே நடந்து வருகிறது.

இங்கிலாந்தில் இதற்கென்றே தோண்டிய குளங்கள் உண்டு. அவற்றில் கார்ப் எனும் பெருங்கெண்டையை நெருக்கமாக விட்டு வளர்க்கிறார்கள். ஒரே தண்ணீர், ஒரே மீன், ஏறத்தாழ ஒரே இரை. அப்படியிருந்தும் ஒருவருடைய வலைக்கூடை நிரம்பிவிடும். பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருடையது காலியாகக் கிடக்கும். சீட்டில் வந்த இடத்துக்கும் இதில் பங்கு உண்டுதான். ஆனால் அடிக்கடி வெல்பவர்கள் யாரென்று பார்த்தால் அதே சிலர் திரும்பத் திரும்ப வருவார்கள். கெண்டையின் வாய், குடல், காது, ஞாபகம் ஆகிய நான்கையும் படித்தவர்கள் அவர்கள். ஆய்வுகூடத்தில் விஞ்ஞானிகள் அளந்து சொன்னதில் ஒரு பகுதியை அவர்கள் கரையில் உட்கார்ந்தே கண்டுகொண்டார்கள். இன்னொரு பகுதியை விஞ்ஞானிகளிடமிருந்து கற்றுக்கொண்டார்கள்.

கண்டிப் பக்கம் அப்படியொரு போட்டிக் குளம் கிடையாது. மீன் மட்டும் உண்டு. கலகெதரயிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ் கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடக்கும். சற்றுக் கீழே பொல்கொல்லை அணைக்கட்டு 1976 முதல் தண்ணீரை மறித்து வைத்திருப்பதால் பாலத்தடியில் ஆற்றின் நடை தளர்ந்திருக்கும். பின்னேரங்களில் அங்கே பையன்கள் மூங்கில் கழியில் தங்கூசி கட்டி, பாண் உருண்டையோடு நிற்பதைப் பார்க்கலாம். இன்னும் கீழே விக்டோரியா நீர்த்தேக்கத்தில் வலை போடுபவர்கள் திலாப்பியாவோடு கெண்டையையும் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். இந்தக் கெண்டை நம் நாட்டுக்கு எப்படி வந்தது, வந்த இடத்தில் என்ன செய்கிறது என்பவற்றை விளங்கிக்கொள்ள, போட்டித் தூண்டில்காரர் படித்த அதே பாடத்திலிருந்து தொடங்குவது நல்லது.

முதல் பாடம் குடல். கெண்டைக்கு இரைப்பை இல்லை. உணவுக்குழாய் நேரே குடலோடு சேர்கிறது. அமிலம் சுரந்து, உணவைத் தேக்கி வைத்து, மெல்ல மெல்லக் கீழே தள்ளும் பை எதுவும் அதன் வயிற்றில் கிடையாது. ஆகவே ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்றுவிட்டு நாள் முழுதும் கிடப்பது அதன் வழக்கமல்ல. கொஞ்சம் கொஞ்சமாக, விழித்திருக்கும் நேரமெல்லாம் மேய்ந்துகொண்டே திரியும். போட்டியில் அனுபவசாலி ஒருவரின் கையைக் கவனித்தால் இது தெரியும். ஒரு கை கழியைப் பிடித்திருக்கும். மற்றக் கை சில நிமிடங்களுக்கு ஒருமுறை நாலைந்து உருண்டை இரையை ஒரே இடத்தில் தூவும். கூடை கூடையாகக் கொட்டினால் மீன் வந்து, தின்று, போய்விடும். ஒன்றுமே போடாவிட்டால் வரவே வராது. தீர்ந்துவிடாமலும் நிறைந்துவிடாமலும் தூவிக்கொண்டே இருப்பதில்தான் ஆட்டத்தின் பாதி அடங்கியிருக்கிறது.

அடுத்தது வாய். இதில் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் கெண்டையின் வாய் ஓர் அற்புதம். கலகெதரயில் மாமா வீட்டு முற்றத்துச் சீமெந்துத் தொட்டியில் கோய் மீன்கள் வளர்கின்றன. கோய் என்பது கெண்டையின் வண்ண வளர்ப்பினம். தொட்டியின் அடியில் பொடிக்கல் பரப்பியிருக்கிறார். பாண் துணுக்குகளைக் கல்லோடு கலந்து ஒரு மூலையில் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தேன். மீன் தலைகீழாகச் சாய்ந்தது. உதடுகள் குழாயாக நீண்டன. கல்லும் பாணும் ஒன்றாக உள்ளே போயின. வாய் மூடியபடியே கன்னமும் செவுளும் ஏழெட்டு முறை அசைந்தன. பிறகு உதட்டோரமாகக் கற்கள் ஒவ்வொன்றாக வெளியே விழுந்தன. செவுள் வழியே மெல்லிய மண் புகை வந்தது. பாண் மட்டும் வரவில்லை.

இந்தப் பிரிப்பு எப்படி நடக்கிறது என்பதை நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் பெர்டினாண்ட் சிப்பிங் 1980களில் விரிவாக ஆராய்ந்தார். கெண்டையின் வாய்க்கூரையில், தொண்டைக்கு முன்னால், தடித்த தசைமெத்தை ஒன்று இருக்கிறது. அதன் மேல்பரப்பு முழுவதும் சுவை அரும்புகள் நெருங்கிக் கிடக்கின்றன. கல்லும் இரையும் கலந்து உள்ளே வந்ததும், எந்த இடத்தில் சுவை தட்டுகிறதோ அந்த இடத்துத் தசை மட்டும் கீழே புடைத்து, அந்தத் துணுக்கை வாயின் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. மற்றவற்றைத் தண்ணீர் அலசிக்கொண்டு போகிறது. எங்கே சுவை தட்டியது என்பதைக் கணக்கு வைத்துக்கொள்ள அதன் மூளையின் பின்பகுதியில் தனியான மடல் ஒன்று வீங்கி வளர்ந்திருக்கிறது. வாய்க்கூரையின் வரைபடம் அந்த மடலில் இடத்துக்கு இடம் பதிந்திருக்கிறது. சேற்றைத் தின்று உயிர்வாழும் மீன் என்று இளக்காரமாகப் பார்க்கிறோம். சேற்றிலிருந்து உணவைப் பொறுக்குவதற்காகவே மூளையில் ஒரு கூடம் கட்டிக்கொண்ட மீன் அது.

பிடித்த இரையை அரைக்க வேண்டுமே! கெண்டையின் தாடையில் பல் கிடையாது. பல் இருப்பது தொண்டைக்குள்ளே, செவுள் எலும்பின் கடைசி வளைவில். அந்தப் பற்கள் மண்டையோட்டின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் கொம்புப் பட்டையோடு உராய்ந்து, அம்மியில் குழவி இழுபடுவது போல, நத்தை ஓட்டையும் நெல்மணியையும் நசுக்கிவிடும். கெண்டையின் வாய்க்குள் விரலை விட்டால் உதட்டருகே ஒன்றும் ஆகாது, ஆழமாகப் போனால்தான் வலி தெரியும்.

இப்போது தூண்டில்காரரின் சிக்கலைப் பாருங்கள். சந்தேகப்பட்டதை எல்லாம் வாய்க்குள் இழுத்துச் சுவைத்து, பிடிக்காததை நொடியில் துப்பிவிடும் ஒரு மீனை அவர் முள்ளில் மாட்ட வேண்டும். கெண்டை உறிஞ்சும்போது வாய்க்கு முன்னால் எழும் நீரோட்டம் வெகு கிட்டத்தில் மட்டும் வலுவாக இருக்கும். வாயின் விட்டமளவு தூரம் தள்ளினாலே அது சடாரெனத் தளர்ந்துவிடும். அந்தச் சின்ன எல்லைக்குள் கிடக்கும் வெறும் பாண் துணுக்கு சட்டென்று எழுந்து உள்ளே போகும். இரும்பு முள் குத்திய துணுக்கு பாரத்தால் பின்தங்கும். மற்றவை வந்த வேகத்தில் இது வரவில்லை என்றால் மீனுக்கு அதுவே போதும்.

1970களின் இறுதியில் இங்கிலாந்தில் லென்னி மிடில்டன், கெவின் மடொக்ஸ் என்ற இருவர் கண்ணாடித் தொட்டியில் கெண்டை உண்பதைப் பார்த்துப் பார்த்து இதற்கொரு வழி கண்டார்கள். இரையை முள்ளில் குத்தாமல், முள்ளின் தண்டிலிருந்து ஒரு தலைமயிரில் தொங்கவிட்டார்கள். இரை தன்போக்கில் அசைகிறது. மீன் நம்பி உறிஞ்சுகிறது. மயிரின் மறுமுனையில் வெறும் முள் பின்தொடர்ந்து உள்ளே வருகிறது. சந்தேகப்பட்டு மீன் துப்பும்போது இரை வெளியே போகிறது, கூர் உதட்டில் தைக்கிறது. அதாவது கெண்டையைப் பிடிப்பது அதன் துப்பல்தான். இன்று உலகெங்கும் கெண்டைத் தூண்டிலில் இந்த முறைதான் ஆட்சி செய்கிறது. மயிருக்குப் பதில் மெல்லிய நூல் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

மீன் இரையைத் தொட்டது கரையில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் தக்கை. பாலத்தடிப் பையன்கள் ரப்பர் செருப்பில் வெட்டிய தடித்த துண்டைத் தக்கையாகக் கட்டுகிறார்கள். போட்டியாளரின் தக்கையில் தண்ணீருக்கு மேலே தெரியும் நுனி தீக்குச்சியைவிட மெல்லியது. ஆர்க்கிமிடீஸ் விதியை வைத்து இரண்டையும் கணக்குப் போடலாம். 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள தக்கையை ஒரு மில்லிமீட்டர் கீழே அமிழ்த்த ஏறத்தாழ 177 மில்லிகிராம் பாரம் வேண்டும். 1.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள நுனிக்கு அதில் நூறில் ஒரு பங்கு, 2 மில்லிகிராமுக்கும் குறைவு. விட்டம் பத்து மடங்கு குறைந்தால் பரப்பு நூறு மடங்கு குறைகிறது. எனவே நூலில் சிறு குண்டுகளைக் கோத்து, நுனி மட்டும் தெரியும்வரை தக்கையைத் தாழ்த்துவதற்காக போட்டியாளர்கள் ஒரு காலைப்பொழுதில் பாதியைச் செலவிட்டாலும் அது வீண் அல்ல. மீன் துப்பி முடிப்பதற்குள் கரைக்குச் செய்தி வந்துவிட வேண்டும். அந்தக் குண்டுகள் முன்பு ஈயத்தாலானவை. அன்னங்கள் அவற்றை விழுங்கி நஞ்சேறிச் செத்ததால் 1987இல் பிரிட்டன் சிறு ஈயக்குண்டுகளைத் தடை செய்தது. நம் கடைகளில் இன்னும் ஈயம்தான் விற்கிறது. ஆற்றில் நூல் அறுந்தால் அதுவும் அடியிலேயே தங்கிவிடுகிறது.

மீனை இடத்துக்கு அழைத்து வருவது மணமும் சுவையும். கெண்டைக்குச் சுவை அரும்புகள் வாயில் மட்டும் இல்லை. உதட்டோரத்தில் தொங்கும் இரண்டு சோடி மீசைகளிலும், உதடுகளிலும், உடம்பின் தோலிலும்கூட உண்டு. சர்க்கரையைவிட அமினோ அமிலங்களுக்கு அது நன்றாக மசியும். புழுவும் இறாலும் கரையவிடும் இரசாயனங்கள் அவைதாம். சிஸ்டீன், புரோலின் போன்றவை கலந்த உருண்டையைக் கெண்டை விரும்பி விழுங்குவதையும், வேறு சில அமிலங்கள் கலந்ததைத் துப்பிவிடுவதையும் ரஷ்ய ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். கோதுமை மாவோடு தேங்காய்ப் புண்ணாக்கும் கொஞ்சம் கருவாட்டுத் தூளும் பிசைந்து போடும் நம் ஊர்ப் பழக்கத்துக்குப் பின்னால் இருப்பதும் இதே இரசாயனம்தான்.

காது பற்றி ஒரு சேதி. பாலத்தடியில் நின்று பேச்சுக் கொடுத்தபோது ஒரு பையன் சொன்னான்: "மெதுவாப் பேசுங்கண்ணே, மீன் ஓடிரும்." சொல்லிவிட்டு, இரை எடுக்கப் பலகைமேல் தடதடவென்று ஓடினான். மீனை விரட்டுவது பேச்சல்ல, அந்த ஓட்டம்தான். காற்றில் வரும் ஒலி நீர்ப்பரப்பில் மோதியதும் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடுகிறது. சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் உள்ளே இறங்கும். காலடி அதிர்வு அப்படியல்ல, மண் வழியே நேரே தண்ணீருக்குள் போகும். அங்கே அதைப் பிடிக்கக் கெண்டையிடம் அபாரமான கருவி இருக்கிறது. ஜெர்மானிய உடலியலாளர் எர்ன்ஸ்ட் வெபர் 1820இல் விவரித்த சின்னஞ்சிறு எலும்புகளின் சங்கிலி ஒன்று, அதன் காற்றுப்பையை உட்செவியோடு இணைக்கிறது. ஒலியால் காற்றுப்பை துடிக்கும். எலும்புகள் அந்தத் துடிப்பைக் காதுக்குக் கடத்தும். இந்த இணைப்பு இல்லாத மீன்களில் பெரும்பாலானவை சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை. கெண்டை இரண்டாயிரம், மூவாயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்கும். இரை விழும் 'டப்' என்ற ஒலிக்கே மீன்கள் கூடுவதைப் போட்டியாளர்கள் நன்றாக அறிவார்கள். அதனால் தின்னத் தருவது கொஞ்சமானாலும் ஓசைக்காகவே அடிக்கடி எறிவார்கள்.

கண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒளி தண்ணீரில் வளைவதால், மீனுக்கு மேலுலகம் முழுவதும் தலைக்கு மேலே சுமார் 97 பாகை அகலமுள்ள வட்டச் சாளரத்துக்குள் அடங்கித் தெரியும். ஒரு மீட்டர் ஆழத்தில் உள்ள கெண்டைக்கு அந்தச் சாளரத்தின் விட்டம் இரண்டேகால் மீட்டர். அடிவானத்திலிருந்து 10 பாகை உயரம் வரை உள்ள அத்தனையும் அந்த வட்டத்தின் ஓரத்தில் ஒரே ஒரு பாகைக்குள் நசுங்கிப் போகும். கரையில் குந்தியிருப்பவர் அந்த நசுங்கலுக்குள் மறைந்துவிடுவார். எழுந்து நின்றவர் சாளரத்துக்குள் வந்துவிடுவார்.

இங்கிலாந்தில் கெண்டைப் போட்டியின் முடிவை வெப்பநிலை பெரிதும் தீர்மானிக்கிறது. மீன் குளிர்குருதிப் பிராணி. தண்ணீர் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் கெண்டை ஏறத்தாழ மேய்ச்சலை நிறுத்திவிடும். 25 பாகையை ஒட்டி நன்றாகத் தின்னும். கண்டியில் அந்த இதமான வெப்பம் ஆண்டு முழுவதும் இருக்கிறது. இங்கே மீனை மந்தமாக்குவது குளிரல்ல, ஒட்சிசன் குறைவு. 15 பாகைத் தண்ணீர் லீற்றருக்கு 10 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 25 பாகையில் அது 8க்குச் சற்று மேல்தான். கண்டி கடல்மட்டத்துக்கு 500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இன்னும் அரை மில்லிகிராம் குறையும். பாசி அடர்ந்த குளமானால் நிலைமை மேலும் மோசம். பகலில் ஒட்சிசன் தரும் பாசியே இரவு முழுவதும் அதைச் செலவழிக்கும். விடியும் நேரத்தில்தான் தண்ணீர் மிகவும் மூச்சுத் திணறியிருக்கும். அதிகாலையில் கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துப் பசி என்று நினைத்துத் தூண்டில் போடுபவர்கள் உண்டு. அது பசியல்ல. வெயில் ஏறி ஒன்பது, பத்து மணி ஆகட்டும்.

பிடிபட்டு விடுபட்ட மீன் மறந்துவிடுமா? நெதர்லாந்தில் ஜே. ஜே. பியூகெமா இந்தக் கேள்வியைக் குளத்துக் கெண்டைகளிடம் தூண்டிலோடு போய்க் கேட்டார். 1970இல் வெளியான அவருடைய கட்டுரையின் முடிவு இது: ஒரே ஒருமுறை முள்ளில் மாட்டிய கெண்டை, அதன் பிறகு நெடுங்காலம், ஓராண்டளவுக்குக்கூட, தூண்டிலை ஒதுக்குகிறது. ஒரு முறை போதும். இது போதாதென்று கெண்டைக் குடும்பத்து மீன்களின் தோலில் அபாய இரசாயனம் ஒன்றும் உண்டு. தேனீக்களின் நடனத்தைப் படித்தறிந்த கார்ல் வான் பிரிஷ், 1938இல் காயம்பட்ட சிறுமீன் ஒன்றின் தோலிலிருந்து கசிந்த ஏதோ ஒன்றுக்கு அதன் கூட்டமே சிதறி ஓடுவதை எழுதினார். இன்று போட்டிகளில் எதிர்முனை இல்லாத முள், முடிச்சில்லாத வலை, மீனைத் தொடுமுன் கையை நனைப்பது என்ற விதிகளெல்லாம் இருப்பது மீனின் மேல் உள்ள கரிசனத்தால் மட்டுமல்ல. வழவழப்பான மேல்சளி உரிந்த மீன் நோய்ப்படும், இறக்கும். அடுத்த வாரப் போட்டிக்கு மீன் வேண்டும்.

உண்பதற்கல்லாமல் விளையாட்டுக்காக மீனைத் துன்புறுத்தலாமா என்ற கேள்வி ஐரோப்பாவிலும் எழுந்திருக்கிறது. காரணமில்லாமல் முதுகெலும்புள்ள விலங்குக்கு வலி தரக்கூடாது என்கிறது ஜெர்மனியின் விலங்கு நலச் சட்டம். நிறுத்துப் பார்த்துத் திருப்பி விடுவதற்காகவே நடத்தும் போட்டிகளுக்கு அங்கே இடமில்லை. என் மனம் ஜெர்மனியின் பக்கம்தான். மீனின் வாய்ப்புறத்தில் நோவுணர் நரம்புகள் உண்டென்று லின் ஸ்னெடன் 2003இல் ட்ரவுட் மீனில் காட்டிய பிறகு, அதற்கு வலியே தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. ஆனால் அந்தப் போட்டிகள் சேர்த்துத் தந்த அறிவு வேறு. அது நமக்கு வேண்டும். ஏனென்றால் அதே வாயை நாமே நம் தண்ணீரில் கொண்டுவந்து விட்டிருக்கிறோம்.

இலங்கையில் வெள்ளச் சமவெளி வில்லுகளை விட்டால் சொல்லத்தக்க இயற்கை ஏரி கிடையாது. கண்டி வாவிகூட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் கட்டியது. ஆயிரக்கணக்கான குளங்களும் மனிதர் வெட்டியவை. நம் சொந்த மீன்கள் ஆறும் ஓடையும் சதுப்பும் பார்த்து வளர்ந்தவை. அகன்ற, ஆழ்ந்த, நடை நின்ற நீரை முழுதாகப் பயன்படுத்தும் மீன் நம்மிடம் குறைவு. அந்த வெற்றிடத்தை நிரப்ப வெளியூர் மீன்களைக் கொண்டுவந்தார்கள். மலைநாட்டுக்கு 1880களில் ட்ரவுட், 1915இல் ஐரோப்பியக் கெண்டை, 1950களின் தொடக்கத்தில் ஆபிரிக்கத் திலாப்பியா, இவற்றோடு சீனக் கெண்டைகளும் இந்தியாவின் கட்லா, ரோகு, மிர்காலும். இந்த இந்திய மூன்றும் ஒரே குளத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். வாய் மேல்நோக்கிய கட்லா மேல்மட்டத்தில் மிதவை உயிர்களைத் தின்னும். ரோகு நடுவில். மிர்கால் அடியில். வெள்ளப்பெருக்கெடுத்த ஆறு இல்லாமல் இவை பொதுவாக முட்டையிடாது. 1957 ஜூலை 10ஆம் திகதி ஒரிசாவில் ஹிராலால் சௌதுரி, மீனின் கபச்சுரப்பிச் சாற்றை ஊசியில் ஏற்றி இந்தக் கெண்டைகளை முட்டையிட வைத்தார். இந்தியா ஆண்டுதோறும் அந்த நாளை மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறது. தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபையின் தம்புள்ளை, உடவளவை, இங்கினியாகலை நிலையங்களில் குஞ்சு பொரிக்க வைப்பதும் அதன் வழிவந்த முறைதான்.

1990இல் அரசு உள்நாட்டு மீன்வளத்துக்கான ஆதரவை அடியோடு நிறுத்தியது. குஞ்சு வளர்ப்பு நின்றது, குளத்தோர மீனவர் நட்டாற்றில் விடப்பட்டார்கள். 1994இல்தான் மறுபடி கை கொடுத்தது. கடலிலிருந்து தூரத்தில் உள்ள ஒரு குடும்பத்துக்கு மலிவான புரதம் குளத்து மீன்தான் என்பதை அந்த நாலு வருடங்கள் எல்லோருக்கும் உணர்த்தின. கெண்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய நீர்த்தேக்கத்திலும், அடைத்த குளத்திலும் அது இருக்கட்டும்.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. மாமா வீட்டுத் தொட்டியில் செவுள் வழியே வந்த அந்த மண் புகையை நினைத்துப் பாருங்கள். அடிமண்ணை வாய் வாயாக எடுத்து அலசித் துப்பும் ஆயிரம் கெண்டைகள் ஒரு குளத்தில் இருந்தால் தண்ணீர் தெளிய வழியில்லை. நீர்ச்செடிகள் வேரோடு பெயரும். கலங்கிய நீரில் வெளிச்சம் இறங்காமல் எஞ்சியவையும் அழியும். சேற்றில் அடங்கிக் கிடந்த பொஸ்பரஸ் மேலே வந்து பாசிக்கு உரமாகும். நகரத்துக் கழிவு சேரும் நீரில் பாசி என்ன செய்யும் என்பதை 1999இல் கண்டி வாவி பச்சைச் சாயமாக மாறியபோதே பார்த்தோம். அன்று பெருகியது மைக்ரோசிஸ்டிஸ் எனும் நஞ்சு சுரக்கக்கூடிய நீலப்பச்சைப் பாசி. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் மிக மோசமான நூறு ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் எட்டு மீன்கள் இருக்கின்றன. ஐரோப்பியக் கெண்டை, மொசாம்பிக் திலாப்பியா, ட்ரவுட் இரண்டு வகை என அவற்றில் நான்கை நாமே அழைத்து வந்திருக்கிறோம்.

மகாவலியின் மேற்பகுதியிலும் கண்டியைச் சுற்றிய ஓடைகளிலும் கெண்டையின் உள்ளூர் உறவினர்கள் வாழ்கிறார்கள். சிங்களத்தில் கடயா என்னும் மலைநாட்டு மீன் உலகில் வேறெங்கும் இல்லாதது, அழியும் ஆபத்தில் இருப்பது. லெஹெல்லா எனும் மஹசீர் இருக்கிறது. கல்லில் ஒட்டிப் பாசி மேயும் கார்ரா இருக்கிறது. இவற்றுக்குத் தெளிந்த, ஓடும், ஒட்சிசன் நிறைந்த நீரும் சுத்தமான கல்லும் வேண்டும். கல்மேல் மண் படிந்தால் இவற்றின் உணவு போயிற்று. பாசியை மேயும் வாய்க்கும் சேற்றை அலசும் வாய்க்கும் ஒரே ஓடையில் இடமில்லை.

அரசு விடும் குஞ்சுகள் எந்த நீருக்குப் போகின்றன என்பதற்குக் கணக்கும் மேற்பார்வையும் உண்டு. வீட்டிலிருந்து போகும் மீனுக்கு எதுவும் இல்லை. கண்டி வாவியில் அலிகேட்டர் கார் எனும் வட அமெரிக்க வேட்டை மீன் காணப்பட்டதாகச் சில ஆண்டுகளுக்கு முன் செய்தி வந்தது. அது நீந்தி வரவில்லை, யாரோ வீட்டுத் தொட்டியிலிருந்து கொண்டுவந்து விட்டது. தொட்டிச் சுவரைச் சுத்தம் செய்ய வாங்கும் மீனும், கத்திமீனும் இதே வழியில் நம் ஆறுகளில் பரவிவிட்டன. பெரும்பாலும் புண்ணியம் என்று நினைத்தே செய்கிறார்கள். தொட்டியில் வளர்ந்து பெருத்த உயிரைக் கொல்ல மனம் வராது. அந்த மனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு கோய் மீனுக்குக் கொடுத்த விடுதலை ஓர் ஓடையில் உள்ள கடயாக்களின் இடத்தைப் பறிக்கக்கூடும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கலகெதர, ஹதரலியத்த, ஹாரிஸ்பத்துவ, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் தொட்டி மீன் வளர்ப்பவர்கள், கோய், கெண்டை, கத்திமீன், தொட்டி சுத்தம் செய்யும் மீன் எதையும் ஓடையிலோ ஆற்றிலோ வாவியிலோ விடாதீர்கள். வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கும் இன்னொருவருக்குக் கொடுங்கள். தூண்டில் போடும் தம்பிமார், அடுத்த முறை ஆற்றங்கரையில் தாராளமாகப் பேசுங்கள், ஆனால் நடப்பதை மெதுவாக நடங்கள். ஈயக்குண்டுக்குப் பதில் சின்ன இரும்பு நட்டு ஒன்றைக் கட்டினாலும் தக்கை நிற்கும். மாட்டியது கெண்டை என்றால் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வையுங்கள். கடயாவோ லெஹெல்லாவோ என்றால் கையை நனைத்து, முள்ளை மெல்ல எடுத்து, அதே இடத்தில் விட்டுவிடுங்கள்.